வீங்கிய டிஸ்க்கா, வீங்கியதுபோல் தெரியும் டிஸ்க்கா?

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் நடந்திருக்கும். கரும்பலகை எழுத்து தெரியவில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்தபடி அம்மா உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சொட்டு மருந்து விடும் முன் ஒரு முறை உள்ளே பார்க்கிறீர்கள். இரண்டு கண்ணிலும் டிஸ்க்கின் விளிம்பு தெளிவாக இல்லை. கொஞ்சம் மேடாகவும் இருக்கிறது. அடுத்த அரை மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம். சிறு மருத்துவமனையில் தனியாகப் பணிபுரியும் கண் மருத்துவரையும், அவருடன் இருக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்டையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

இங்கே இரண்டு விதமாகத் தவறலாம். மண்டைக்குள் அழுத்தம் கூடியதால் வந்த நிஜ வீக்கத்தை, அதாவது பாப்பிலெடிமாவை, 'பிறவியிலேயே இப்படித்தான்' என்று சொல்லி அனுப்பிவிடுவது முதல் தவறு. சிறுமூளைப் பக்கம் வளரும் கட்டி, மூளைநீர்த் தேக்கம், மூளைச் சிரையில் உறைந்த இரத்தம் இவற்றில் ஏதோ ஒன்று அப்போது கண்ணுக்குத் தப்பிவிடும். உயிருக்கே ஆபத்து. உயிர் பிழைத்தாலும் பார்வை போய்விடலாம். இரண்டாவது தவறு, நலமாக இருக்கும் பிள்ளையை மயக்க மருந்து, எம்.ஆர்.ஐ., முதுகுத்தண்டில் ஊசி என்று அலைக்கழிப்பது. முதல் தவறுதான் பெரியது. ஆனால் இரண்டாவதைச் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன். முதுகில் இரண்டு முறை ஊசி குத்தி நீர் எடுக்கப்பட்டு, மூன்றாவது முறைக்கு நாள் குறித்திருந்த ஒரு சிறுமியைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை கோட்டைக் கண்டாலே மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். அவள் அம்மாவை ஸ்லிட் லாம்ப்பில் உட்காரவைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கும் அதே டிஸ்க்.

தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு இவ்வளவுதான்

மண்டைக்குள் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறைக்குள்ளும் அந்த அழுத்தம் வரும். நரம்பு நார்களுக்குள் ஓடும் ஓட்டம் டிஸ்க்கில் தேங்கி, நார்கள் உப்பும். பொய் வீக்கத்தில் நார்கள் உப்புவதில்லை. உள்ளே புதைந்த சுண்ணாம்புத் துகள்கள் (இவைதான் ட்ரூசன், பாறைப் பொந்துக்குள் விளையும் படிகத்தைக் குறிக்கும் ஜெர்மன் சுரங்கச் சொல்), குறுகிய வாயில் வழியே நெருக்கியடித்து வரும் நரம்பு, சாய்ந்த டிஸ்க் போன்ற ஏதோ ஒன்று அடியிலிருந்து மேலே தள்ளுகிறது. உப்பிய நார்கள் தங்களுக்குள் ஓடும் இரத்தக்குழாயை மறைக்கும். அடியிலிருந்து எழும்பிய மேடு மறைக்காது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்தது.

சொட்டு விடுவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

1. கதையைக் கேளுங்கள். 'தலைவலி உண்டா?' என்று மட்டும் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் உண்டு என்றுதான் சொல்லும். இப்படிக் கேளுங்கள்: 'காலைல எழுந்திருக்கும்போதே தலை வலிக்குதா கண்ணா? தூக்கத்துல வலிச்சு எழுந்திருக்கியா?' 'பல் தேய்க்கும்போது வாந்தி வருதா?' 'குனிஞ்சு ஷூ மாட்டிட்டு நிமிரும்போது ஒரு நொடி இருட்டிட்டுத் தெளியுதா?' 'காதுக்குள்ள துடிக்கிற மாதிரி உஸ் உஸ்னு சத்தம் கேக்குதா?' 'தூரத்துல இருக்கிற பஸ் ரெண்டாத் தெரியுதா?' அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்: நடையில் தள்ளாட்டம் உண்டா, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொள்கிறதா, படிப்பில் திடீர்ச் சரிவா, குணம் மாறியிருக்கிறதா. பள்ளிக்குப் போக மறுப்பதை நாடகம் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்.

2. மருந்துப் பட்டியலைக் கேளுங்கள். முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின். உயரம் வளர ஹார்மோன் ஊசி. அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ. சிறுநீரக நோய்க்கோ இழுப்புக்கோ நீண்ட நாள் கொடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தியது. இவை எல்லாமே மண்டை அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. கூடவே மூன்று கேள்விகள்: காதில் சீழ் வடிகிறதா? வீட்டில் யாராவது டி.பி. மருந்து சாப்பிடுகிறார்களா? இரத்தசோகை உண்டா? நாள்பட்ட காதுச் சீழ் பக்கத்திலுள்ள மூளைச் சிரையை அடைக்கலாம். மூளைக்காய்ச்சல் வகை டி.பி. மூளைநீர்த் தேக்கத்தில் போய் முடியலாம்.

3. பார்வை, நிறம், கண்மணி. ஒவ்வொரு கண்ணாகப் பார்வை அளவு எடுங்கள். இஷிஹாரா புத்தகத்தைக் காட்டுங்கள். டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு மாற்றி, கண்மணி சுருங்குகிறதா விரிகிறதா என்று கவனியுங்கள். ஆரம்பப் பாப்பிலெடிமாவில் பார்வை 6/6 ஆகவே இருக்கும். 'பார்வை நன்றாக இருக்கிறதே' என்று ஆறுதல் அடையாதீர்கள். டிஸ்க் வீங்கி, பார்வையும் நிறமும் திடீரென்று குறைந்து, கண்ணை அசைத்தால் வலியும் இருந்தால் நரம்பு அழற்சியை நினையுங்கள். அதன் பாதை வேறு, ஆனால் அவசரம் அதே அவசரம்.

4. கண் அசைவு. இரு பக்கமும் வெளிநோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வந்த உள்நோக்கிய மாறுகண், கண் வெளியே முழுதாகப் போகாதது இரண்டும் ஆறாவது நரம்பு தளர்ந்ததற்கான அடையாளம்.

5. இரத்த அழுத்தம். கண் மருத்துவமனைகளில் தவறாமல் விட்டுப்போவது இதுதான். கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் பிள்ளைகளுக்கும் வரும், இரண்டு டிஸ்க்கையும் வீங்கவைக்கும். பிள்ளையின் கைக்கு ஏற்ற சிறிய பட்டை வேண்டும். பெரியவர்களுக்கான பட்டையில் அளந்தால் அளவு குறைவாகக் காட்டும்.

6. கைக்குழந்தையாக இருந்தால் உச்சிக்குழியைத் தொட்டுப் பாருங்கள். தலைச் சுற்றளவை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். மண்டை ஓட்டின் இணைப்புகள் இன்னும் மூடாததால் அழுத்தம் கூடினாலும் தலைதான் பெருக்கும். டிஸ்க் வீங்காமலே போகலாம். டிஸ்க் நன்றாக இருப்பதை வைத்துக் கைக்குழந்தைக்கு மண்டை அழுத்தம் இல்லை என்று சான்று கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பு: சொட்டு விட்ட நேரம், மருந்தின் பெயர், எந்தக் கண் என்பதைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அன்று இரவு பிள்ளை மயங்கி அவசரப் பிரிவுக்குப் போனால், விரிந்த கண்மணியைப் பார்க்கும் மருத்துவர் மூளை இறங்கிவிட்டதோ என்று பயப்படுவார். அதைவிட மோசமாக, 'சொட்டு மருந்தால்தான்' என்று நிஜ அறிகுறியை ஒதுக்கியும் விடலாம்.

டிஸ்க்கைப் பார்க்கும் வரிசை

நேர் ஆப்தல்மாஸ்கோப் மட்டும் போதாது. ஸ்லிட் லாம்ப்பும் 90டி அல்லது 78டி லென்ஸும் இருந்தால் மேடும் பள்ளமும் முப்பரிமாணத்தில் தெரியும். பிள்ளையின் தாடையை அம்மா பிடிக்கட்டும். தூரத்து பல்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நொடி பார்ப்பது, விடுவது, மறுபடி பார்ப்பது என்று துண்டு துண்டாகப் பாருங்கள்.

1. முதலில் இரத்தக்குழாய். விளிம்பைப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். டிஸ்க்கை விட்டு வெளியேறும் பெரிய குழாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விளிம்பைக் கடக்கும் இடத்தில் மெதுவாகப் பின்தொடருங்கள். ஒரு துண்டு சாம்பல் நிற மூட்டத்துக்குள் மறைந்து மறுபடி தெரிகிறதா? மறைந்தால் அது நிஜ வீக்கத்துக்கான வலுவான சாட்சி. மேல், கீழ், மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என நான்கு திசையிலும் இதைச் செய்யுங்கள்.

2. அடுத்து நார் அடுக்கு. பச்சை ஒளிக்கு மாற்றுங்கள். பொய் வீக்கத்தில் டிஸ்க்கைச் சுற்றி நார்களின் பட்டுப் பளபளப்பு அப்படியே இருக்கும். நிஜ வீக்கத்தில் அந்தப் பளபளப்பு அணைந்து, பால் கலந்த நீர்போல மங்கும்.

3. பிறகுதான் விளிம்பு. பாப்பிலெடிமாவின் ஆரம்பத்தில் மேலும் கீழும் மூக்குப் பக்கமும் மங்கும். காதுப் பக்கம் கடைசியாகத்தான் மங்கும். ஸ்வீடன் மருத்துவர் லார்ஸ் ஃபிரிசேன் 1982இல் தந்த அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது. காதுப் பக்கம் மட்டும் திறந்த 'சி' வடிவ ஒளிவட்டம் முதல் நிலை. முழு வட்டம் இரண்டாம் நிலை. விளிம்பில் பெரிய குழாய் மறைவது மூன்றாம் நிலை. டிஸ்க்கின் மேலேயே மறைவது நான்காம் நிலை. எல்லாக் குழாயும் மறைவது ஐந்தாம் நிலை. சீட்டில் 'டிஸ்க் வீக்கம்' என்று மட்டும் எழுதாமல் நிலை எண்ணையும் எழுதுங்கள். அடுத்து பார்ப்பவருக்கு ஒப்பிட ஒரு பிடி கிடைக்கும்.

4. குழி, நிறம், கிளைகள். சின்ன டிஸ்க், நடுவில் குழி இல்லை, குழாய்கள் நட்டநடுவிலிருந்து எழுந்து மூன்றாகப் பிரிகின்றன, விளிம்பு கரடுமுரடாக முண்டும் முடிச்சுமாக இருக்கிறது என்றால் ட்ரூசன் பக்கம் சாயுங்கள். டிஸ்க் சிவந்து, நுண்குழாய்கள் விரிந்து, பஞ்சுத் திட்டுகளும் தீப்பிழம்பு வடிவ இரத்தக்கசிவுகளும் இருந்தால் நிஜத்தின் பக்கம். ஆனால் ஒற்றைக் கசிவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ட்ரூசனிலும் டிஸ்க் ஓரத்தில் ஆழமான கசிவு வரும்.

5. சிரைத் துடிப்பு. டிஸ்க்கின் மேல் பெரிய சிரை தானாகத் துடிப்பதைக் கண்டால் அந்த நிமிடத்தில் மண்டை அழுத்தம் பெரிதாக ஏறியிருக்க வாய்ப்பு குறைவு. துடிப்பு தெரியாவிட்டால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. நலமாயிருப்பவர்களில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் துடிப்பு தெரியாது. அழுத்தம் ஏறி இறங்கும் இயல்புடையது என்பதால் துடிப்பு தெரிந்தாலும் அதை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

6. கண்ணாடி எண். சொட்டு விட்டபின் ரெட்டினாஸ்கோப்பில் பார்த்தால் இரு கண்ணிலும் பெரிய ப்ளஸ் எண் வருகிறதா? நீளம் குறைந்த கண்ணில் டிஸ்க் நெருக்கமாகவும் மங்கலாகவும் இருப்பது சகஜம்.

7. கடைசியாக அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று கூட வந்தவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பாருங்கள். ட்ரூசன் குடும்பத்தில் ஓடும். சிறு பிள்ளைகளுக்குப் புதைந்திருப்பது பெற்றோருக்கு மேலே வந்து, மரவள்ளிப் பாயசத்து ஜவ்வரிசிபோல் மின்னும். பத்து ரூபாய் செலவில்லை, இரண்டு நிமிடம். இவ்வளவு மலிவாக இவ்வளவு தகவல் தரும் சோதனை வேறு எதையும் நான் அறியேன்.

அன்றே அனுப்ப வேண்டிய பிள்ளைகள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு கண்ணில் ஆராய்ந்து நேரம் கடத்த வேண்டாம். மூளை ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்புங்கள்.

1. காலைத் தலைவலியுடன் வாந்தி, அல்லது பிள்ளை சோர்ந்து தூங்கித் தூங்கி விழுவது.
2. ஆறாவது நரம்புத் தளர்ச்சி, நடைத் தள்ளாட்டம், வலிப்பு, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு.
3. ஃபிரிசேன் மூன்றாம் நிலையோ அதற்கு மேலோ.
4. பார்வை குறைந்துகொண்டே போவது.
5. வயதுக்கு மீறிய இரத்த அழுத்தம்.

தூங்கி விழும் பிள்ளையைப் பேருந்தில் அனுப்பாதீர்கள். 108க்கு அழையுங்கள். சேரும் மருத்துவமனையின் பணி மருத்துவரிடம் போனில் நீங்களே பேசுங்கள்.

கருவிகள்: எது எதற்கு, எங்கே ஏமாற்றும்

பி-ஸ்கேன். முதல் கருவி இதுதான். மூடிய இமைமேல் ஜெல் தடவி டிஸ்க்கைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் கெயினைக் கூட்டிப் பாருங்கள். பிறகு படிப்படியாகக் குறையுங்கள். கண்ணின் மற்ற எதிரொலிகள் எல்லாம் மங்கிய பிறகும் டிஸ்க்கில் ஒரு வெண்புள்ளி பிடிவாதமாக ஒளிர்ந்து, பின்னால் நிழலும் விழுந்தால் அது சுண்ணாம்பேறிய ட்ரூசன். புதியவர்கள் செய்யும் தவறு, கெயினைக் குறைக்காமலேயே படம் எடுப்பது. கூடிய கெயினில் எந்த டிஸ்க்கும் பளிச்சென்றுதான் இருக்கும். இன்னொன்று: சின்னப் பிள்ளைகளின் ட்ரூசனில் சுண்ணாம்பு இன்னும் ஏறியிருக்காது. பி-ஸ்கேனில் எதுவும் தெரியாததால் ட்ரூசன் இல்லை என்று ஆகாது. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் அதே பிள்ளைக்குத் தெரியத் தொடங்கும்.

ஆட்டோஃப்ளூரசன்ஸ் படம். மேற்பரப்பு ட்ரூசன் ஒளிரும், புதைந்தது ஒளிராது. தெரிந்தால் உதவும், தெரியாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

ஓசிடி. இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். நார் அடுக்கின் தடிமன் எண் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தவுடன் 'வீக்கம் உறுதி' என்று எழுதிவிடுகிறார்கள். நெருக்கமான டிஸ்க்கிலும் ட்ரூசனிலும் அந்த எண் கூடுதலாகவே வரலாம். ஒரு நாள் எண் எதையும் சொல்லாது. ஆறு வாரம் கழித்து அதே இயந்திரத்தில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால்தான் பேசும். ஆழ்படப் பதிவில் கரிய உள்ளும் வெளுத்த ஓரமும் கொண்ட உருண்டை தெரிந்தால் ட்ரூசன். டிஸ்க்கைச் சுற்றி முட்டை வடிவில் வெளுத்த திரள் தெரிவதும் உண்டு. முன்பு அதையே புதைந்த ட்ரூசன் என்று சொல்லிவந்தோம். 2018இல் ட்ரூசன் ஆய்வாளர்களின் சர்வதேசக் குழு அது ட்ரூசன் அல்ல என்று பிரித்தது. நிஜ வீக்கத்திலும் அது வரும், சாய்ந்த டிஸ்க்கிலும் வரும். அதைப் பார்த்துவிட்டுப் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று அனுப்பினால் கட்டியுள்ள பிள்ளையைத் தவறவிடுவீர்கள்.

ஃப்ளூரசீன் ஆஞ்சியோகிராஃபி. சந்தேகம் தீராதபோது பிள்ளைகளிடம் நல்ல விடை தருவது இதுதான் என்பது என் முடிவு. நிஜ வீக்கத்தில் சாயம் டிஸ்க்கிலிருந்து கசிந்து நேரமாக ஆகப் பரவும். ட்ரூசனில் சாயம் ஏறி நிற்குமே தவிர விளிம்பு தாண்டிப் பரவாது. நரம்பு அழற்சியிலும் கசியும் என்பதை மறக்காதீர்கள். ஊசிக்குப் பயப்படும் பிள்ளைக்கு வாய்வழியாகவும் கொடுக்கலாம். எந்த வழியானாலும் ஒவ்வாமைக்கான அட்ரினலினும் ஆக்சிஜனும் அறையில் இல்லாமல் தொடங்கக் கூடாது.

ட்ரூசனைத் தேடுவதற்காக சி.டி. எழுதாதீர்கள். சுண்ணாம்பு சி.டி.யில் நன்றாகவே தெரியும் என்பது உண்மை. அதற்காகப் பிள்ளையின் தலையில் கதிர்வீச்சு பாய்ச்சத் தேவையில்லை. அவசரத்தில், எம்.ஆர்.ஐ. உடனே கிடைக்காதபோது, மூளையைப் பார்க்க எடுக்கும் சி.டி. வேறு விஷயம்.

நிஜம் என்று தோன்றினால் பரிந்துரைச் சீட்டில் எழுத வேண்டியவை

மூளை எம்.ஆர்.ஐ.யுடன் சிரைகளைக் காட்டும் எம்.ஆர்.வி.யும் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். எம்.ஆர்.வி. கேட்காததால் சிரை அடைப்பு தப்பிப்போவது நடக்கிறது. ஸ்கேன் பார்த்து, ஆபத்தில்லை என்று உறுதியான பிறகுதான் முதுகில் ஊசி. பெரிய கட்டி இருக்கும்போது நீரை எடுத்தால் மூளை கீழே இறங்கி உயிர் போகும்.

ஊசி போடும்போது நீரை ஆய்வுக்கு எடுத்தால் மட்டும் போதாது, தொடக்க அழுத்தத்தையும் அளக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். பிள்ளை ஒருக்களித்துப் படுத்து, காலை நீட்டி, அழாமல் இருக்கும்போது எடுத்த அளவுதான் அளவு. 28 செ.மீ. நீருக்கு மேல் போனால் கூடுதல். மயக்க மருந்து இல்லாமல், உடல் பருமனும் இல்லாத பிள்ளைக்கு 25 செ.மீ.யே எல்லை. வீறிட்டு அழும் பிள்ளையிடம் எடுத்த 30ஐ வைத்து ஒரு நோயை முத்திரை குத்தி, மாதக்கணக்கில் அசிட்டசோலமைடு கொடுத்த சீட்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. காரணமறியா மண்டை அழுத்தம் பருவமடையாத பிள்ளைகளில் ஒல்லியான பையனுக்கும் வரும். 'குண்டாக இல்லையே' என்று தள்ளிவிடாதீர்கள்.

பொய் என்று தோன்றினால்

பிள்ளை நலமாக இருக்கிறது, குழாய்கள் எங்கும் மறையவில்லை, இரத்த அழுத்தம் சரி, அம்மாவுக்கும் அதே டிஸ்க். இப்போது ஸ்கேன் வேண்டாம். ஆனால் 'ஒன்றுமில்லை' என்று சொல்லியும் விடாதீர்கள்.

1. இன்றே படம் எடுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி, மூன்று மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று. நிஜ வீக்கம் கூடும் அல்லது குறையும். பொய் வீக்கம் அப்படியே இருக்கும்.

2. ட்ரூசன் உறுதியானால் ஆண்டுக்கு ஒரு முறை பார்வைப் புலச் சோதனையும் ஓசிடியும். உட்கார்ந்து பட்டனை அழுத்தத் தெரிந்த வயது வந்ததும் தொடங்கலாம். ட்ரூசன் மெதுவாகப் புலத்தை அரிக்கும். அதற்கு மருந்து இல்லை, அறுவையும் இல்லை.

3. ட்ரூசன் உள்ள பிள்ளைக்குப் பிற்காலத்தில் மூளைக்கட்டி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. புதிய தலைவலி வந்தால் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் புதிதாகவே பாருங்கள்.

4. பெற்றோரிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'அம்மா, பாப்பாவோட நரம்பு பிறந்ததிலிருந்தே இப்படி மேடா இருக்கு. இப்போதைக்கு மூளைக் கோளாறுக்கான அறிகுறி எதுவும் தெரியல. ஆனா காலைல தலைவலி, வாந்தி, ரெண்டு ரெண்டாத் தெரியறது, இதுல எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காம உடனே வாங்க.' சொன்னதை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

5. டிஸ்க் படத்தின் நகலை அம்மாவின் கைப்பேசியில் ஏற்றிவிடுங்கள். ஒரு அச்சுப் பிரதியை மருத்துவக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். விளையாடும்போது தலையில் அடிபட்டு வேறு ஊர் மருத்துவமனைக்குப் போனால், அங்கிருப்பவர் டிஸ்க்கைப் பார்த்து அலறாமல் இருக்க அந்தப் படம் உதவும்.

எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியவில்லையா? அப்போது குழந்தைகள் கண் மருத்துவரிடமோ நரம்புக் கண் மருத்துவரிடமோ ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள். அதுவரை 'நிஜமாக இருக்கலாம்' என்று எழுதிவையுங்கள்.

ஃபண்டஸ் கேமரா இல்லை என்பதால் முதல் நாள் படம் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். 20டி லென்ஸும் ஃபிளாஷ் விளக்குள்ள கைப்பேசியும் போதும், வீடியோ எடுத்து நல்ல சட்டகத்தை நிறுத்திச் சேமிக்கலாம். கை பழக ஒரு வாரம் ஆகும். இன்றைக்கு வரும் பெரியவர்களின் கண்ணிலேயே அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிடுங்கள்.